வயலுக்கு எது, ‘இன்’னா ‘அட்’டா

வெளிநாட்டு வேலைக்காக மகள் ஆங்கில இலக்கணத்தை ‘இன், ஆன், அட்’ என்று சத்தமாகப் படித்தாள். எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

அம்மா எங்கே இருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார் வாத்தியார். அன்று அம்மா நடவுக்குப் போயிருந்தாள். வயல் என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்’ போட்டேன். அவர் சிவப்பு மையால் ‘அட்’ என்று திருத்தினார்.

“ ‘அட்’னா என்ன சார்?”

“அந்த எடத்துல இருக்கறதுடா.”

“எடத்துல மிராசுதாருந்தான் சார் இருக்காரு, வரப்புல, குடையோட. எங்கம்மா முழங்கால் சேத்துக்குள்ள நிக்கிறாங்க.”

வகுப்பே சிரித்தது.

“மாத்தி எழுது. இல்லன்னா வெளியில நில்லு.”

மணி அடிக்கும்வரை வெளியில் நின்றேன்.

இதைச் சொன்னதும் மகள், “அட்டும் சரிதாம்ப்பா” என்றாள்.

“சரியாவே இருக்கட்டும். நான் எழுத மாட்டேன்.”