என் பெயரில் சேமித்த சத்தம்

அந்தக் கிற்றார் பெடலைக் கண்டு முதலில் சிரித்தவன் நான்தான். கீபோர்ட் வாசிக்கும் என் நண்பன், பன்னிரண்டு வருடங்களாக எங்கள் இசைக்குழுவை நடத்துகிறவன், அக்கராயனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமானை என் வீட்டு மேசையில் வைத்தான். சுவிஸில் இருக்கிற அவனுடைய அண்ணன் அனுப்பியதாம்.

“இதுக்குள்ள நூறு அம்ப் இருக்குது மச்சான். இனி நீ அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை.”

“நூறு இருக்கட்டும். என்ர அம்ப் இருக்குதோ?” என்றேன்.

வாய்க்கொழுப்புத்தான். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது. ஒரு வருடம் அறுவடை முடிந்து நெல் மூட்டைகளை அடுக்கிய அறையில் என் கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் அம்ப் பெட்டியையும் வைத்திருந்தேன். நெல்லுக்கு வந்த எலி, நெல்லோடு நிற்காமல் ஸ்பீக்கரின் காகிதத்தையும் கடித்துவிட்டது. சைக்கிள் ரியூபில் ஒரு துண்டு வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொலூசன் பூசி ஒட்டினேன். அன்றிலிருந்து தடித்த கம்பிகளைத் தட்டினால், தொண்டை கட்டியவர் பாடுவது போல ஒரு கரகரப்பு. என்னைவிட நன்றாகக் கிற்றார் வாசிக்கிறவர்கள் கிளிநொச்சியில் பலர் இருந்தார்கள். அந்தக் கரகரப்பு என்னிடம் மட்டும்தான் இருந்தது. குழுவில் என் இடம் அசையாமல் இருந்ததும் அதனால்தான். வயலைத் தவிர எனக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான்.

ஒரு சத்தத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற, பெடலை நிலத்தில் வைத்துக் காலால் மிதிக்க வேண்டும். எனக்குக் கால் எழவில்லை. வாத்தியத்தில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து கையால் அழுத்தினேன்.

“மிதிக்கத்தானே செய்தவங்கள். மிதியடா,” என்று நண்பன் சிரித்தான்.

ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். நல்ல சத்தங்கள்தான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒன்றும் என்னுடையதைப் போல இல்லை. அதைச் சொன்னபோதுதான் அவன் அடுத்த விசயத்தை எடுத்தான். எந்த அம்பின் சத்தத்தையும் கேட்டு, அதைப் போலவே ஒலிக்க இந்தப் பெட்டி பழகிக்கொள்ளுமாம்.

“உன்ர அம்பையும் ஒருக்காக் காட்டிப் பாப்பமே?”

இங்கேதான் நான் மடையனானேன். அம்புக்கு முன்னால் மைக்கை வைத்தோம். பெடல் தானாகவே விசிலும் இரைச்சலுமாக ஏதேதோ அம்புக்குள் அனுப்பி, வெளியே வருவதை மைக் வழியாகத் திரும்பக் கேட்டது. அயல் நாய்களெல்லாம் குரைத்தன. முடிந்ததும் வாசித்துப் பார்த்தால் கரகரப்பையே காணவில்லை. வழுவழுவென்று இருந்தது.

“இவ்வளவும் காணும் மச்சான், இது நல்லாத்தானே இருக்குது,” என்றான்.

நான் விடவில்லை. என் அம்பை அரைகுறையாகப் படியெடுக்கக் கூடாது என்று எனக்கு வீம்பு. மைக்கை ரியூப் துண்டுக்கு நேரே நகர்த்தியவன் நான். சத்தத்தை இன்னும் கூட்டச் சொன்னவன் நான். மனைவி சாப்பிடக் கூப்பிட்டும் போகவில்லை. ஏழாவது தடவையில் வந்தது. கண்ணை மூடிக் கேட்டால் எது பெடல், எது அம்ப் என்று எனக்கே பிடிபடவில்லை.

“என்ன பேரில சேவ் பண்ணுறது?”

“என்ர பேரைப் போடு.”

சின்னத் திரையில் ஆங்கில எழுத்தில் என் பெயர் வந்தபோது பெருமையாகத்தான் இருந்தது. படலை வாசல்வரை போய் அவனை வழியனுப்பினேன்.

அதன்பிறகு நான் போன் எடுத்துக் கேட்டபோதெல்லாம், “இப்ப புரோகிராம் ஒண்டும் இல்லை, நீ வயலைப் பார்,” என்றான். பார்த்தேன். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்துகொண்டிருந்த நேரம். அவன் சொன்னதை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

பிறகு தர்மபுரத்தில் மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாணம். மண்டபத்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே என் அம்ப் கேட்டது. வீட்டில் அதைத் துணியால் மூடி வைத்துவிட்டு வந்தவனே நான்தான். ஆனாலும் யாரோ கதவை உடைத்து எடுத்து வந்துவிட்டார்கள் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

மணப்பெண்ணின் சித்தப்பா வாசலில் என்னைக் கண்டு திகைத்தார்.

“என்ன தம்பி, நீங்கள் இஞ்ச நிக்கிறியள்? உள்ள நீங்கள்தான் வாசிக்கிறியள் எண்டெல்லோ எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

மணவறைக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மேடை. அதில் எங்கள் குழு முழுவதும் இருந்தது. நான் நிற்கும் இடத்தில் நண்பனின் மனைவியுடைய அண்ணன். வவுனியாவிலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியிருந்தார். என்னைவிட நன்றாகவே வாசித்தார். கிட்டப் போனேன். கரகரப்பு வர வேண்டிய இடத்தில் அவர் தோல் சப்பாத்துப் போட்ட காலைத் தூக்கிப் பெடலில் வைத்தார். சப்பாத்தின் நுனியை ஒட்டி, சின்னத் திரையில் என் பெயர்.

சண்டை பிடிக்கத்தான் நினைத்தேன், கலியாண வீடு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

பாட்டுகளுக்கு நடுவில் நண்பனே இறங்கி வந்தான். “கோவிக்காத மச்சான். மனுசி வீட்டுக்காரர் கேட்டவை, மறுக்க ஏலாமப் போச்சு. எண்டாலும் உன்னை விட்டிட்டம் எண்டு நினையாத. உன்ர சத்தம் எங்களோடதானே இருக்குது.”

ஆறுதலாகத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“பன்னிரண்டு வருசம்! அவருக்கெண்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சத்தத்தைப் பிடிச்சுத் தந்திருப்பனேடா,” என்றேன். பொய். கேட்டிருந்தால் அம்புக்குக் கிட்டவும் அவனை விட்டிருக்க மாட்டேன். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்காமல் கொண்டுபோனான்.

அவன் மேடைப் பக்கம் திரும்பினான்.

“அவரிட்ட ஒண்டு மட்டும் சொல்லு,” என்றேன். “சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மிதிக்கச் சொல்லு.”

ஓம் என்று தலையாட்டிவிட்டு மேடைக்கு ஏறினான். அடுத்த பாட்டு தொடங்கியது. சப்பாத்து அப்படியேதான் இருந்தது.