செல்வராஜ் அண்ணன் முகத்துக்கு வந்த வழக்கு

இன்று காலை மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டிலிருந்து சேந்தமங்கலம் போகும் பஸ்ஸில், அடிவாரச் சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். ஆண்களின் முகத்தை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டே வந்தார்.

என் பக்கத்து வீட்டு செல்வராஜ் அண்ணனைப் படம் பிடித்ததும் திரை சிவப்பானது. பைக் திருட்டு வழக்கில் தேடப்படுகிறவராம்.

"ஏனுங்க, எனக்கு பைக்கே ஓட்டத் தெரியாதுங்க" என்றார் அண்ணன்.

"ஏஐ சொல்லுது. இறங்கு."

நானும் கூடவே இறங்கினேன். பஸ் போய்விட்டது. பத்து மணிக்கு நாமக்கல்லில் அவருக்கு வாட்ச்மேன் வேலைக்கு நேர்காணல்.

போனில் இருந்த திருடனின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவனுக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன. கரடி அடித்ததில் அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது பாதிதான்.

"காதைப் பாருங்க சார்" என்றேன்.

"முகம் ஒத்துப்போகுதுன்னு வந்துருச்சு. காதை எதுக்கும்மா பாக்கோணும்?"

பதினொன்றரைக்கு எஸ்.ஐ. வந்தார். படத்தையும் அண்ணனையும் ஒருமுறை பார்த்தார். "இவன் இல்லப்பா, அனுப்பு" என்றார். ஒரு வருத்தம்கூடச் சொல்லவில்லை.

"மறுக்காவும் இப்படி வராம அதுல மாத்தி உடுங்க சார்" என்று அண்ணன் கெஞ்சினார்.

"அதெல்லாம் மேலிடம். எங்க கையில இல்ல."

நேர்காணல் முடிந்திருக்கும் என்று அண்ணன் மலைக்கே திரும்பினார். வழியெல்லாம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆதாரில் பெயர் மாற்ற, முகவரி மாற்ற விண்ணப்பம் இருக்கிறது. முகத்தை மாற்ற எந்த ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.