குளக்கட்டில் என் பங்கு

முரசுமோட்டை என்ற ஊர்ப் பக்கத்து வயல்களுக்குப் பெரிய குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து சேரும். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்கு உள்ளது ஒரு சின்னக் குளம், அதற்குக் கரையாக மண்ணால் போட்ட ஒரு கட்டு. கீழே வயல் வைத்திருக்கும் பதினொரு குடும்பமும் அந்தக் கட்டைப் பங்கு பிரித்துப் பார்க்கிறோம். வயலின் அளவுக்கு ஏற்றபடி இன்னாருக்கு இத்தனை பாக நீளம். ஆவணியில் பற்றைப் புதர் வெட்டி, எலி வளை அடைத்து, மழைக்கு முன் அவரவர் பங்கை அவரவர் திருத்திவிட வேண்டும். பங்கு செய்கிறவருக்குத்தான் குளத்துக் கூட்டத்தில் வாய். குளத்தை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று அவர்கள்தான் பேசி முடிப்பார்கள். பங்கில்லாதவர் கிடைக்கிற தண்ணீரை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டியதுதான்.

அப்பா இருந்தவரை எங்கள் பங்கை அவர் செய்தார். அவர் காலமான பிறகு வந்த ஆவணியில் மகள் நான் மண்வெட்டியோடு போய் நின்றேன்.

“கூலிக்கு ஆளைப் பிடிச்சு விடுங்கோ பிள்ளை. உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்?” என்றார் பக்கத்துப் பங்குக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவருடையது. குளத்துக் கூட்டத்தை நடத்துகிறவரும் அவரே.

“நானே செய்வன்” என்றேன்.

நாங்கள் மலைநாட்டிலிருந்து வந்த ஆட்கள். அம்மா கலியாணம் முடிக்கும்வரை தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மண்ணில்தான், ஆனாலும் யாருக்காவது கோபம் வந்தால் ஒரே நொடியில் நான் தோட்டக்காட்டாள் ஆகிவிடுவேன். அதனாலேயே எனக்கு ஒரு வீம்பு. என் பங்கைப் பார்த்து ஒருவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. பதினொரு பங்கிலும் என்னுடையதுதான் துப்புரவாக இருக்க வேண்டும்.

துப்புரவு என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தேயிலைச் செடிகளுக்கு நடுவில் ஒரு புல் தெரிந்தாலும் கங்காணியிடம் பேச்சு வாங்கிய ஆள் அவர். புல் சுரண்டும் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டு அவரும் என்னோடு வந்தார். ஐந்து நாள். இருவரும் குனிந்தது குனிந்தபடி கட்டின் மேலிருந்து அடிவரை ஒரு புல் விடாமல் சுரண்டினோம். வேரையும் விடவில்லை. கடைசி நாள் நிமிர்ந்து பார்த்தபோது எங்கள் பங்கு மெழுகின முற்றம் மாதிரிக் கிடந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பக்கத்துப் பங்குக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “என்ன பிள்ளை, கட்டுக்கு மொட்டை அடிச்சுப்போட்டீங்கள்? ஏதும் நேர்த்தியோ? புல்லைக் கொஞ்சம் விட்டிருக்கலாமெல்லோ.”

எனக்குச் சுரீரென்றது. “உங்கட பங்கை முதல்ல பாருங்கோ. பாம்பு படுத்திருந்தாலும் தெரியாது” என்றேன். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. எங்களைப் போன்றவர்கள் நன்றாகச் செய்தால் இவர்களுக்குப் பொறுக்காது என்று வீடு வரும்வரை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மார்கழியில் நெல் கதிர் தள்ளுமுன் குடலைக்கு வந்திருந்த நேரம், நாலு நாள் விடாமல் மழை கொட்டியது. ஐந்தாம் நாள் விடிந்ததும் கட்டுக்கு ஓடினேன். ஐயோ! என் பங்கு முழுக்க மழைநீர் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தது. கோட்டுக்குள் என் கை முழங்கைவரை போனது. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு மண் சரிந்து வயலுக்குள் கிடந்தது. மறுபக்கம் குளம் முட்ட முட்ட நிற்கிறது. இடமும் வலமும் மற்றவர்களின் பங்கு, பற்றை வெட்டி அறுகம்புல்லை அப்படியே விட்ட பங்கு, ஒரு கீறல்கூட இல்லாமல் பச்சையாக இருந்தது. யாரும் எனக்கு எதுவும் விளக்கத் தேவையிருக்கவில்லை. நான் ஐந்து நாள் முறிந்து முறிந்து செய்த வேலைதான் கட்டை உடைக்கப் போகிறது. உடைந்தால் பதினொரு குடும்பத்தின் நெல்லும் போய்விடும்.

கூப்பிட்ட கூப்பாட்டில் எல்லோரும் வந்தார்கள். உரப்பைகளில் மண் நிரப்பி அடுக்கினோம். சரிவை மூடத் தறப்பாள் விரிப்பு வேண்டும் என்றார்கள். எங்கள் குசினிக்கு மேலே கட்டியிருந்ததுதான் உடனே கைக்கு எட்டியது. அம்மா என்னை முந்திக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். “கொண்டு போ புள்ள. அடுப்பு நனைஞ்சா நனையட்டும், கட்ட பாரு” என்றார். மத்தியானம் மழை விட்டது. கட்டு நின்றது. சேற்றில் இருந்தபடியே நான் அழுதேன். பயத்தில் இல்லை, வெட்கத்தில்.

தையில் கூட்டம் கூடியது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். பக்கத்துப் பங்குக்காரர் தணிந்த குரலில், “இனி உங்கட பங்கை நான் சேர்த்துப் பாக்கிறன் பிள்ளை. உங்களுக்கும் பாரம் குறையும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பங்கு போனால் என் வாயும் போய்விடும்.

எழுந்து நின்றேன். “பிழை என்னில. மழையில இல்ல, எலியில இல்ல. புல்லைச் சுரண்டினது நான். ஆனா பங்கைத் தரமாட்டன். வாற மாரிக்கும் கட்டு கரைஞ்சா நீங்கள் கேக்கத் தேவையில்ல, நானே விட்டிடுவன்.”

அவர் தலையைச் சொறிந்தார். “சரி, பாப்பம்” என்றார்.

பிறகுதான் பாடு. புல்லை வளர்க்க வேண்டும்! வரம்பிலும் வயலிலும் புல்லைப் பிடுங்கியே கை காய்த்தவள், இப்போது ஓர் ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அறுகு கேட்டுப் போனேன். முதலில் போனது பக்கத்துப் பங்குக்காரரிடம்தான். அவர் வாய் திறக்குமுன், “சிரிக்கிறதெண்டா இப்பவே சிரிச்சு முடியுங்கோ” என்றேன். சிரித்துத்தான் முடித்தார். ஆனால் மண்வெட்டியை எடுத்து, வேரும் மண்ணுமாகத் துண்டு துண்டாகத் தோண்டி அவரே என் கடகத்தை நிரப்பினார்.

ஈரம் காய்வதற்குள் நானும் அம்மாவும் புல் துண்டுகளைச் சாண் இடைவெளியில் பதித்து, உருளாமல் தடிக்குச்சி குத்தினோம். பின்னேரங்களில் குளத்தில் வாளியால் அள்ளி ஊற்றினேன். ஊர் மாடுகளோடு சண்டை பிடித்தேன், மாட்டுக்காரரோடும் பிடித்தேன். ஆடியில் காற்றும் வெயிலும் சேர்ந்து எல்லாவற்றையும் பழுப்பாக்கின. “செத்திருச்சு புள்ள” என்றார் அம்மா. ஒரு துண்டைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றது. அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்துப்போனது. மேலே காய்ந்தால் முடிந்துவிட்டதென்று நினைப்பது நாங்கள்தான்; மண்ணுக்குள் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காலம் மண்ணோடு மாரடித்தும், எது பகை, எது காவல் என்று அன்றுவரை நான் கேட்டதே இல்லை.

புரட்டாதியில் விழுந்த முதல் மழைக்கே பச்சை வந்தது. கார்த்திகையில் பெருமழை பிடித்தபோது நான் குடைகூட எடுக்காமல் கட்டின் அடியில் போய் நின்றேன். மேலே விழுந்த நீர் புல்லுக்குள் புகுந்து மெல்ல இறங்கி என் காலடிக்கு வந்தது. ஓரிடத்தில், மாடு மிதித்துப் புல் பிடிக்காத இடத்தில், கொஞ்சம் சேறு வந்தது. அங்கே இரண்டு உரப்பையை வைத்தேன். மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. மழை ஓயும்வரை ஒவ்வொரு நாளும் போனேன்.

பொங்கலுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது கூட்டம். மழை விட்டு வயல் காயத் தொடங்கியிருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் வழிநெடுக மனப்பாடம் பண்ணிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகவே போனேன். பக்கத்துப் பங்குக்காரர் கொப்பியைப் பார்த்துப் பங்குக்காரரின் பெயர்களை வாசித்தார். அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் என் பெயரை வாசித்தார். அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

பிறகு தண்ணீர் திறக்கிற கதை வந்தது. “பொங்கல் கழியத் திறப்பம்” என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

“அது பிந்திப் போயிடும்” என்றேன். “மேட்டு வயலெல்லாம் வெடிக்கத் தொடங்கீட்டுது. கதிர் பதராப் போகும். இந்தக் கிழமையே திறக்க வேணும்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துப் பங்குக்காரர் கொப்பியை மூடிவிட்டு, “என்ன சொல்லுறியள்?” என்று மற்றவர்களைக் கேட்டார். கொஞ்ச நேரம் கதைத்தார்கள், நானும் கதைத்தேன்.

அந்தக் கிழமையே, வெள்ளிக்கிழமை காலை குளம் திறந்தார்கள்.