காதில் வெட்டு விழுந்த எலிகள்

முனுசாமி அண்ணனைக் கெடுத்தது என் வாய். அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எழுபத்து நான்கில், கும்மிடிப்பூண்டிக்கு வெளியே ஒரு சின்ன ஆராய்ச்சிக் கூடத்தில் நான் டைப்பிஸ்ட். அவர் எளாவூரிலிருந்து சைக்கிளில் வந்து வெள்ளை எலிகளைப் பார்த்துக்கொள்வார். அவர் கைபட்டால் எலி தவறாமல் குட்டி போடும். அவருக்கும் மனைவி கெங்கம்மாளுக்கும்தான் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. ஊரில் எந்த வளைகாப்புக்கும் அந்தம்மாவை அழைக்கமாட்டார்கள்.

டாக்டர் விக்டோரியா, பிறந்து மூன்றாம் நாள் எலிக்குட்டிகளின் மார்பிலிருந்து தைமஸ் என்ற சுரப்பியை எடுத்துவிட்டு, அடையாளத்துக்கு இடது காதில் சின்னதாக வெட்டிவிடுவார். அந்தச் சுரப்பி போனால் உடம்பைக் காக்கும் அணுக்கள் குறைந்துவிடும். பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அவருடைய இரண்டு வருட ஆராய்ச்சி. அப்படி வளர்ந்த பதினொரு பெண் எலிகளில் எட்டு, ஆணோடு விட்டும் குட்டி போடவில்லை.

டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே அதைப் பார்த்தவன் நான். "இன்னாண்ணே, ஊட்டு ராசி கூண்டுக்கும் வந்துடுச்சா?" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பாவி நான் அதை நம்பினேன்.

அடுத்த மாதம் எல்லாக் கூண்டிலும் குட்டிகள். டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது. "அறுத்ததுக்கும் அறுக்காததுக்கும் வித்தியாசமே இல்லை. மூட்டை கட்ட வேண்டியதுதான்" என்றார்.

"குட்டி போட்டா நல்லதுதானேம்மா?" என்றார் முனுசாமி.

டாக்டர் அலுப்போடு விளக்கினார். "ஒரு ஊருக்கு இருபது காவல்காரங்க. அதுல ரெண்டு பேர்தான் மிச்சம்னு வெச்சுக்கங்க. காலி இடத்தை நிரப்ப அந்த ரெண்டு பேரும் தங்களை மாதிரியே ஆளுங்களைச் சேர்த்துக்கிட்டே போவாங்க. அதுல ஒருத்தன் சொந்த ஊரையே அடிக்கிறவன்னா, அடிக்கிற கூட்டம்தான் பெருகும். அடக்கவும் ஆள் இருக்காது. இந்த அணுக்களும் அப்படிப் பெருகி முட்டைப்பையை அழிச்சிடும், குட்டி பிறக்காதுன்னு நினைச்சேன். அப்படி நடந்திருந்தா எலி மேல தப்பில்லை, வளர்க்கறவர் மேலயும் தப்பில்லை."

முனுசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் மாத்திட்டேம்மா. அறுக்காததுல சினையா இருந்த எட்டுக்குக் காத வெட்டி உள்ள வுட்டேன். மானம் போவுதேன்னு பண்ணிட்டேன்." தலையில் அடித்துக்கொண்டு அழுதார். என் பேச்சைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

"பழைய எட்டும் எங்கே?" என்றார் டாக்டர்.

"கொல்ல மனசு வர்ல. ஊட்ல கீது."

மறுநாள் காலை கெங்கம்மாள் ஒரு பிஸ்கட் டின்னில் எட்டையும் உயிரோடு கொண்டுவந்தார். எட்டுக்கும் முட்டைப்பை சுருங்கிப்போயிருந்ததை டாக்டர் அந்த வாரமே கண்டுபிடித்தார். ஆராய்ச்சி பிழைத்தது. ஆனால் எனக்கு மறக்காதது, டின்னைக் கொடுத்துவிட்டு அந்தம்மா கேட்ட கேள்விதான்.

"இதுங்க மேல தப்பு இல்லன்னு சொன்னீங்களாமே டாக்டரம்மா. எங்க ஊருக்கு வந்து அத ஒரு தபா சொல்றீங்களா?"

"யார்கிட்டம்மா சொல்லணும்?" என்றார் டாக்டர்.

நான் டைப் மிஷினைவிட்டுத் தலை தூக்கவில்லை.