ஷீஹாவின் பாதி வேகம்

என் அண்ணன் ஹத்தாப், துனிசியப் பாலைவனத்து ஊரான தூஸில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். நாற்பது வயது. தலைப்பாகை இல்லாமல் அவரைத் தெருவில் பார்த்தவர் கிடையாது. எங்கள் ஆண்களுக்கு அது மானம்.

அவர் வளர்ப்பது ஷீஹா என்ற ஸ்லூகி. மெலிந்த கால்களுள்ள வேட்டை நாய்தான், ஆனால் ஸ்லூகியை நாய் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. அவள் கம்பளத்தில் படுப்பாள்.

பட்டம் வாங்கிக்கொண்டு தலைநகர் துனிஸிலிருந்து நான் திரும்பிய வாரம். கொல்லைச் சுவருக்குப் பின்னால் அண்ணன் முழங்கைகளைத் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கி நின்றிருந்தார். எதிரே ஷீஹாவும் அதே கோலத்தில். சட்டென்று எழுந்து தலைப்பாகைத் துணியைத் தரையில் இழுத்தபடி ஓடினார். முயலையே எட்டிப் பிடிப்பவள், அவருக்காகப் பாதி வேகத்தில் துரத்தினாள். பிடித்துவிட்டால் துணி அவளுக்கு. அதுதான் ஆட்டம்.

“வெளிய சொல்லிடாதடா,” என்றார்.

சொல்லவில்லை. அவர் லாரி ஓட்டுவதையே துனிஸ் நண்பர்களிடம் சொல்லாதவன்தானே நான்.

போன வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களோடு வேட்டைக்குப் போனோம், ஷீஹாவும் நானும் அண்ணனின் லாரியில். முயல் தப்பிவிட்டது. ஷீஹா, உப்பு லாரிகள் பறக்கும் தார்ச்சாலையின் ஓரத்தில் போய் நின்றாள். அவளைப் பிடிக்க ஆட்கள் கத்திக்கொண்டே வளைத்தார்கள். முயலை மறிக்கவும் அப்படித்தான் கத்துவோம். வேட்டை முடியவில்லை என்று நினைத்து அவள் சாலையில் ஏறினாள். தூரத்தில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

“உன் மகாராணி லாரி பிடிச்சுப் போயிடுவா போல!” என்றார், அண்ணனோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் மிஃப்தா.

“எல்லாரும் வாயை மூடுங்க!”

அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்தார். வழுக்கை வெயிலில் மின்னியது. பன்னிரண்டு பேர் பார்க்க, முழங்கைகளை மண்ணில் ஊன்றினார். பிறகு சாலைக்கு முதுகைக் காட்டி, துணியை இழுத்தபடி ஓடினார்.

“யா ஹத்தாப், அப்படியே கொஞ்சம் குரைச்சும் காட்டேன்!” என்றார் மிஃப்தா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலைகுனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது உப்பு லாரி ஹாரன் அடித்தபடி வெற்றுச் சாலையில் கடந்துகொண்டிருந்தது. ஷீஹா அண்ணனுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போதும் பாதி வேகம்தான்.

துணியைப் பிடித்துவிட்டாள். அண்ணன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“துணியப் புடுங்கிக் கட்டுப்பா. சந்தை வழியாப் போகணும்,” என்றார் மிஃப்தா, இப்போது சிரிக்காமல்.

“அவ ஜெயிச்சுட்டாளே. எப்படிக் கேக்கறது?”

வெறுந்தலையோடுதான் சந்தைக்குள் ஓட்டினார். எங்கள் இருவருக்கும் நடுவே ஷீஹா, வாயில் துணியோடு. கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் போன் அடித்தது. துனிஸ் நண்பன்.

“எங்கடா இருக்க?”

“எங்க அண்ணன் லாரியில.”