நான் பிடுங்கி வைத்த இரண்டு பியூஸ்கள்

அன்று மதியம் அந்த வயரிங் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர் ராயப்பன். அவருக்குச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி ஸ்டெல்லா. ஹாரன் மாற்ற வந்திருந்த டிரைவர் சேகர். என் கணவர் முருகேசன். பிறகு நான்.

எங்கள் காரின் ஹெட்லைட் எரியாமல் போனதற்குக் காரணம் நான். நான்தான்! பழி ராயப்பன் தலையில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது... அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

என் கணவர் திண்டுக்கல்லில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பெரும்பாலும் இரவுச் சவாரி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி ஒருவர் மனதை மாற்ற எனக்குத் தெரியாது. பயப்படத் தெரியும். அது மட்டும் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் விடிந்து வந்த காரின் வலது பக்கம் நெடுகச் சிராய்த்திருந்தது. என்னவென்று கேட்டேன்.

"செத்த நேரம் கண்ணு சொக்கிருச்சு. நடுரோட்டுக் கட்டையில லேசா உரசிருச்சு. அதுக்கு ஏன் எழவு விழுந்த மாதிரி நிக்கிற?"

"ராத்திரி ஓட்ட வேணாங்க."

"சரி, வேணாம். மாசா மாசம் வண்டி டியூவ உங்கப்பன் வந்து கட்டுவாரா?"



அந்தச் சமயத்தில்தான் ஒரு பக்க ஹெட்லைட் நிஜமாகவே எரியாமல் போனது. நிலக்கோட்டையில் என் அக்கா வீட்டுக்குப் போகிற வழியில் ராயப்பன் கடையில் வண்டியை நிறுத்தினோம். இவர் டீ குடிக்கப் போனார். ராயப்பன் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூடியைக் கழற்றி, விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு பியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். உள்ளே கம்பி அறுந்திருந்தது.

"இம்புட்டுக்காணு சாமான்தான் தங்கச்சி. வலதுக்கு ஒண்ணு, இடதுக்கு ஒண்ணு. உம் புருசன் பேச்சுக் கேக்கலைன்னா ரெண்டையும் உருவி வச்சுக்க. ராத்திரி வீட்டுலதான் கெடப்பாரு!"

சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு அது வேடிக்கை. எனக்கு...

அடுத்த வாரமே செய்தேன். பகலில் அவர் அசந்து தூங்கும்போது இரண்டையும் நகத்தால் நெம்பி எடுத்துத் தையல் மிஷின் டிராயரில் போட்டேன். இரவு சவாரிக்குக் கிளம்பினார், லைட் இல்லை. சவாரியை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டுப் படுத்தார். காலையில் அவர் குளிக்கும்போது மறுபடி மாட்டிவிட்டேன். அந்த ஓர் இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். எவ்வளவு கேவலமான நிம்மதி!

பிறகு அதுவே பழகிவிட்டது. தூரச் சவாரி என்று காதில் விழுந்தால் கை தானாக அங்கே போனது. வண்டி ஓட்டுவாரே தவிர, அந்த மூடிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை கடைக்குப் போவார். அங்கே இரண்டு லைட்டும் பளிச்சென்று எரியும். ராயப்பன் என்ன செய்வார், பாவம்? பல்பைப் பார்த்தார். ரிலேயை மாற்றினார். ஸ்விட்சை மாற்றினார். எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினார். கடைசியில் ஒரு பகல் முழுக்க வண்டியை நிறுத்தி, முன்பக்க வயரிங் மொத்தத்தையும் பிரித்துப் புதிதாகக் கட்டினார். கூலி பிறகு தருவதாகப் பேச்சு.

அதற்குப் பிறகும் நான் பிடுங்கினேன்.

ஏன் நிறுத்தவில்லை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுப் பார்த்தேன்.

அந்த மதியம் என்னையும் ஏற்றிக்கொண்டு இவர் நேராகக் கடைக்குப் போனார். வழக்கம்போல லைட் எரிந்தது. ராயப்பன் கீழே குனிந்து பியூஸ் பெட்டியைத் திறந்தார். டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

"முருகேசா, இங்கதான் கோளாறு. இந்த ரெண்டு பியூசும் கெட்டியாவே உக்கார மாட்டேங்குது. யாரோ அடிக்கடி உருவி உருவி மாட்டிருக்காங்க. சுத்தி நகக்கீறலு பாரு."

சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்!

"யாரோன்னா? உன்னைத் தவிர எவன்யா அதுல கை வச்சான்?" அதுவரை அண்ணே என்று அழைத்தவர் இவர். "நீயே உருவி விடுறது, நீயே மாட்டி விடுறது, மாத்தி மாத்தித் துட்டு வாங்குறது. நல்ல பொழப்பு!"

"மாதா சத்தியமா இல்ல முருகேசா."

"அண்ணே, எனக்கும் போன மாசம் ரெண்டு தடவ ஹாரன் போச்சு," என்றார் சேகர் மெதுவாக.

ஸ்டெல்லா சோற்றுத் தூக்கைக் கீழே வைக்காமல் நின்றார். "ஏண்ணே, அவரப் பாத்தா அப்பிடியா தெரியுது? அவரு பிஸ்கட்டு பாக்கியக்கூட வீடு தேடிப் போயிக் குடுக்குற ஆளு."

ராயப்பன் என்னைப் பார்த்தாரா? பார்த்தார். ஒரு கணம். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு, "அவரக் கூட்டிட்டுப் போ தங்கச்சி," என்றார். அவர் சொன்ன வேடிக்கை அவருக்கு நினைவு வந்ததா? தெரிந்துதான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாரா? ஒரு வார்த்தை... 'நான்தான்' என்று ஒரே வார்த்தை! காரில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

அன்று மாலையே டிரைவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இவர் பேசிப் போட்டார். ராயப்பன் கடைக்கு யாரும் போகாதீர்கள் என்று. நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பிளவுசுக்கு ஹெம்மிங் போட்டுக்கொண்டிருந்தேன்.

சில மாதங்களில் கடை பூட்டிவிட்டது. இப்போது அந்த இடத்தில் கோழிக்கடை. ராயப்பன் ஒட்டன்சத்திரத்தில் ஒரு லாரி ஷெட்டில் தினக்கூலிக்குப் போகிறார் என்று கேள்வி. ஒருமுறை பஸ் அந்த வழியாகப் போனபோது ஒரு லாரிக்கு அடியில் இரண்டு கால்கள் நீட்டியிருந்தன. அவராக இருக்கலாம். நான் இறங்கவில்லை.

அதன்பின் நான் பியூஸைத் தொடவில்லை. லைட் நன்றாக எரிகிறது. இவர் இரவு இரவாகப் போகிறார், வருகிறார். "ராயப்பனை விட்டதும் வண்டி சரியாயிருச்சு பாத்தியா?" என்பார். நான் தலையாட்டுவேன். முதலில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அதுவும் இல்லை. கையில் ஊசி குத்தினாலும் கொஞ்சம் கழித்துத்தான் தெரிகிறது.

வயரிங் கட்டிய கூலியை இவர் கொடுக்கவேயில்லை. தையல் காசில் நான் கொடுத்துவிடலாம். கொடுத்தால், எதற்கு என்று இவர் கேட்பார், சொல்ல வேண்டும். அதனால் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.