இருசம்மாளின் வலது கை

என் பெண்சாதி இருசம்மாளுக்கு வாய் ஒரு முழம். ஆனால் மலாக்கா பெம்பான் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியாரிடம் வாய் செல்லாது, கைதான் செல்லும். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிட்டால் வலது கையைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். வெறும் குரலென்றால் ஒருத்திக்காக இன்னொருத்தி கத்திவிடுவாளாம்!

முப்பத்தேழாம் வருஷம், மழைநாளில், பால் வாளியோடு மேட்டில் சறுக்கி விழுந்தாள். அதோடு வலது கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. பெரட்டில் இடது கையைத் தூக்கினாள்.

"பீச்சாங்கையக் காட்டுறியா?" என்று கிராணியார் எகிறினார்.

அவளுக்குக் கொண்டை போடும் வேலை என் தலையில் விழுந்தது. நான் போட்ட கொண்டையைப் பார்த்து கூலிக்காரர் குடியிருந்த லயமே சிரித்தது.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் சாமிநாதன் அவள் கையைப் பிடித்துத் தூக்கினார். சிரமமில்லாமல் மேலே போனது.

"பாரு, போவுதே! வேஷம்லா இது!" என்று விளக்கெண்ணெய் கொடுத்தார். தோள்வலிக்கு விளக்கெண்ணெய்!

சேதி தோட்டத் துரைக்குப் போயிற்று. பொய்க்காரியின் பெயரை வெட்டு, லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல் என்று உத்தரவு வந்தது.

"நானா பொய்க்காரி? பெரிய டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க. அவரும் பொய்யின்னா நானே மூட்டையக் கட்டுறேன்" என்றாள் இருசம்மாள்.

துரை டிரெசரோடு அனுப்பிவைத்த மலாக்கா ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரும் கையைத் தூக்கினார். போனது. மூட்டை கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

மொழிபெயர்க்கக் குனிந்து நின்ற டிரெசர், "கைய அப்படியே மேல நீயே புடிச்சிக்கணுமாம்" என்றார். டாக்டர் கையை விட்டார். தொப்பென்று விழுந்த கை டிரெசர் மண்டையில் ஒரு குட்டு வைத்தது.

"ஐயோ சாமி, நான் வைக்கல, அதுவா விழுந்துச்சு!" என்றாள் இருசம்மாள்.

டாக்டர் தலையாட்டி ஏதோ சொன்னார். டிரெசர் மண்டையைத் தடவிக்கொண்டே, "தோள்ல தசைநாரு எலும்ப விட்டு அறுந்துருக்காம். அடுத்தவங்க தூக்குனா ஏறுமாம், தானா நிக்காதாம். பொய் இல்லையாம்" என்று முனகினார்.

"கடைசியா சொன்னது காதுல விழல, இன்னொருதரம் சொல்லுங்க ஐயா" என்றேன் நான்.

தோளைத் திறந்து, எலும்பில் துளைபோட்டு, அறுந்த நாரைப் பட்டு நூலால் தைத்தார்கள். கண் விழித்து விஷயம் தெரிந்ததும், "கல்யாணத்துக்குக்கூட நீ பட்டு எடுத்துத் தரலையேய்யா. வெள்ளக்காரன் தோளுக்குள்ளயே வச்சுட்டான்!" என்றாள்.

டாக்டர் கடிதத்தால் துரை ஆறு மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் கை ஏறாவிட்டால் பெயரும் வீடும் போகும். கட்டுப் பிரித்தபின் சுவரில் விரல்களைப் பல்லிபோல் ஏற்றிப் பழகினாள். எட்டிய இடத்தில் நான் கரிக்கோடு போடுவேன். சில வாரம் கோடு நகரவே இல்லை. அப்போது அந்த வாயும் மூடிக்கிடந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

தவணையின் கடைசி நாள் பெரட்டு.

"இருசம்மா!"

கை மெல்ல எழுந்தது. நெற்றி தாண்டியது. தலைக்குமேல் போய் நின்றது. நான் அழுதேவிட்டேன்.

கிராணியார் பெயரைக் குறித்துக்கொண்டு, "சரி, எறக்கு" என்றார். கை இறங்கவில்லை.

"எறக்குலா! மத்த ஆளுங்களக் கூப்பிட வேணாமா?"

"சும்மா இருங்க கிராணியாரே. ஆறு மாசக் கை பாக்கி இருக்கு."